ஐயா கொண்டுவந்த மோட்டாருக்கு எந்தப் பச்சை?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். எங்கள் ஐயா (தாத்தா) பினாங்கில் தொழில் பார்த்தவர். கடையை முடித்துக்கொண்டு ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியபோது படகின் பின்னால் மாட்டும் ஒரு ஜான்சன் சீ ஹார்ஸ் அவுட்போர்டு மோட்டாரையும் கொண்டுவந்தார். ஐந்தரை குதிரைசக்தி. தொண்டியில் தெரிந்தவர் வல்லத்தில் கொஞ்ச காலம் ஓடியது, அப்புறம் இரண்டாங்கட்டு அறையிலேயே கிடக்கிறது. நடுவில் யாரோ அதற்கு நீல எனாமலைப் பிரஷ்ஷால் அடித்திருக்கிறார்கள். அது பெயர்ந்த இடங்களில் பச்சை தெரிகிறது. ஓரிடத்தில் வெளிறிய பச்சை, இன்னோர் இடத்தில் கரும்பச்சை. இணையத்தில் தேடினால் மூன்று விதப் பச்சை, ஒரு மரூன், ஒரு நீலம் வருகிறது. காரைக்குடியில் கார் பெயிண்ட் கலக்கும் கடையில், "ஒரு சில்லு கொண்டாங்க, கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துரலாம்" என்கிறார்கள். அப்பச்சியோ (அப்பா), "எதுக்குப்பா இம்புட்டு? பளபளன்னு ஒரு நீலத்த அடிச்சு முகப்புல வையி" என்கிறார். பழைய கதவு நிலைகளுக்குப் பெயிண்ட் உரிக்கும் ஆளிடமே இதையும் உரிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அசல் நிறத்தை எப்படிப் பிடிப்பது?

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்தக் கதவு உரிக்கும் ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் பர்மா தேக்கு நிலை, தூண், அலமாரி என்று எதில் பழைய பெயிண்டை எடுப்பதென்றாலும் காஸ்டிக் சோடாவைத்தான் கரைத்து ஊற்றுகிறார்கள். தேக்கு கொஞ்சம் கறுத்தாலும் தாங்கிக்கொள்ளும். உங்கள் மோட்டார் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. காஸ்டிக் பட்டால் அலுமினியம் நுரைத்துக் கொதிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், உலோகமே கரையத் தொடங்கும். வழவழப்பான மூடி சொரசொரப்பாகிக் குழி விழுந்துவிடும். அது போதாதென்று, நீங்கள் தேடுகிற நிறத்துக்கு இருக்கிற ஒரே சாட்சியும் அந்தக் காஸ்டிக்கோடு போய்விடும். இணையத்திலும் கடையின் நிற அட்டையிலும் கிடைக்காத அசல் பச்சை, உங்கள் மோட்டாரின் மேலேயே எங்கோ வெயில் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை எதையும் உரிக்கக் கூடாது.

இணையத்தில் வந்த நீலத்துக்கும் மரூனுக்கும் காரணம் இருக்கிறது. ஜான்சனும் எவின்ரூடும் 1936 முதல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்த அமெரிக்கத் தயாரிப்புகள். 1950களின் ஐந்தரை குதிரைசக்தி மோட்டாரை ஜான்சன் சீ ஹார்ஸ் என்றும் எவின்ரூடு ஃபிஷர்மேன் என்றும் விற்றார்கள். உள்ளே ஏறக்குறைய ஒரே எஞ்சின், வெளியே வேறு மூடி, வேறு நிறம். எவின்ரூடுக்கு நீலம். ஆகவே நீங்கள் பார்த்த நீலப் படம் உங்கள் மோட்டாரின் பங்காளி வீட்டுப் பிள்ளை. ஜான்சன் 50களின் முற்பாதியில் பச்சையில் வந்தது, அப்புறம் மரூன் பக்கமும் வெண்கலச் சாயல் பக்கமும் போனது. எனவே ஆண்டு தெரிந்தால்தான் எந்த நிறம் என்று பேசவே முடியும்.

ஆண்டு தெரிய மாடல் எண் வேண்டும். படகின் பின்பலகையில் மாட்டுகிற பிராக்கெட்டில் ஒரு சிறு தகடு இருக்கும். ஜான்சன் ஐந்தரையில் அது 'சிடி' (CD) என்ற எழுத்துகளில் தொடங்கி, ஒரு கோடு போட்டு, இரண்டு இலக்கத்தில் முடியும். ஆண்டு மாற மாற அந்த இலக்கமும் ஏறும். தகட்டின் மேலும் நீலம் அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எமரி தாளை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், குத்திய எழுத்து தாளில் எழும்பி வரும். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு சொட்டுத் தின்னரைப் பஞ்சில் தொட்டு, இளகிய நீலத்தை மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். அடியில் அச்சிட்ட நிறம் கரைகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். மூடியில் தெரியும் பச்சையும் தண்ணீருக்குள் போகும் கீழ்ப்பகுதியின் பச்சையும் ஒன்றுதானா? துறைமுகப் பட்டறைகளில் உடைந்த மூடிக்கு வேறொரு மோட்டாரின் மூடியை மாட்டுவது நடக்கக்கூடியதுதான். தகடு ஓர் ஆண்டையும் மூடி வேறோர் ஆண்டையும் சொன்னால், எதைப் பின்பற்றுவது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நானாக இருந்தால் மோட்டார் வந்தபடியே வைப்பேன்.

சரி, ஒரே மூடியில் ஏன் இரண்டு பச்சை? வெயில் பெயிண்டின் பிசினை உடைக்கிறது. பிசின் போனதும் நிறத்தூள் தனியாக மேலே நிற்கிறது, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் நிறம் வெளுத்துத் தெரிகிறது. ஈரவிரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல ஒட்டும். இந்த மோட்டார்கள் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓடுபவை. புகையும் ஆயிலும் படிந்து ஊறிய இடம் மஞ்சள் தட்டிக் கறுத்திருக்கும். வெளிறியது வெயிலின் நிறம், கறுத்தது ஆயிலின் நிறம். இரண்டில் எந்தச் சில்லைக் கடைக்குக் கொண்டுபோனாலும் கம்ப்யூட்டர் அந்தத் தவறைத் துல்லியமாகக் கலந்து கொடுக்கும்.

வெயிலும் ஆயிலும் படாத இடங்கள் இருக்கின்றன. மூடியைப் பிடிக்கும் கொக்கியின் அடி, கைப்பிடி உட்காரும் இடம், மூடியின் ஓரத்து ரப்பர் பட்டைக்குக் கீழே, ரிவெட் அடித்த தகடுகளின் பின்பக்கம், பிராக்கெட்டில் திருகு அழுந்தும் பகுதி, பெயர் எழுதிய டிகாலுக்கு (ஒட்டுப்படத்துக்கு) அடியில். கொக்கியைக் கழற்றிவிட்டு முதலில் அங்கே பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். மூடியின் உட்பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் வெளியே அடிக்கும்போது உள்ளே தெறித்த மெல்லிய பூச்சாக அது இருக்கலாம், அடியில் உலோகம் தெரிவதால் நிறம் மாறித் தோன்றும்.

மூடியின் கண்ணில் படாத மூலையில் ஒரு சின்னச் சன்னலும் திறந்து பாருங்கள். 1000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பத்து ரூபாய் நாணயம் அளவு வட்டமாக மெதுவாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியவரும். வெளியே நீலம், உள்ளே பச்சை, அதற்குள் பிரைமர், நடுவில் உலோகம். பச்சையே இரண்டு வளையம் வந்தால் பிரைமரை ஒட்டியதுதான் அசல், மற்றது நடுவில் யாரோ அடித்தது. உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. தேய்த்த தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

இப்போது நிறம் கிடைத்துவிட்டது என்று கடைக்கு ஓடிவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசின் கலந்த பழைய எனாமலுக்கு ஒரு குணம் உண்டு. இருட்டில் பல வருடம் கிடந்தால் மஞ்சள் அடிக்கும், வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் விலகும். தகட்டுக்கு அடியில் எழுபது வருடம் மூடிக் கிடந்த பச்சை அசலைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கலாம். அதனால் கண்டுபிடித்த இடத்தைத் துடைத்துவிட்டு, மூடியை வளவு முற்றத்தில் வெளிச்சம் விழுகிற பக்கம் ஒரு வாரம் வையுங்கள். அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும், பக்கத்தில் ஒரே வெள்ளைத்தாளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் மாற்றம் இருந்தால் தெரியும். மாற்றம் நின்ற பிறகு அதைக் கணக்கில் எடுங்கள்.

கடைக்காரரிடம் இருக்கும் ஸ்கேனர் நல்ல கருவிதான், நானும் அதில்தான் தொடங்குவேன். ஆனால் அதற்குச் சமதளமான, சுத்தமான ஒரு நாணய அளவு இடம் வேண்டும். வளைந்த சில்லை வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து கணக்குத் தப்பும். மூடியையே எடுத்துக்கொண்டு போங்கள். அளக்கும் இடத்தை ரப்பிங் காம்பவுண்டால் லேசாகத் தேய்த்து மெருகேற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். கருவி தருவது அந்தக் கடையில் இருக்கிற டின்ட்டர்களை (கலக்கும் நிறங்களை) வைத்து எட்டக்கூடிய கிட்டத்து நிறம், அவ்வளவுதான். மிச்சத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

இணையத்தில் 'இந்த மோட்டாருக்கு ரால் இந்த எண்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதை ஒரு அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரால் என்பது 1927இல் ஜெர்மனியில் தொடங்கிய வண்ண அட்டவணை. இலினாய் மாநிலத்து ஜான்சன் தொழிற்சாலை அதைப் பார்த்துப் பெயிண்ட் அடிக்கவில்லை. நம் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 5 வண்ண அட்டவணைக்கும் இதே கதைதான். 'இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில், கொஞ்சம் மங்கலாக' என்று கடைக்காரரிடம் பேச அட்டவணை உதவும், அதற்கு மேல் இல்லை.

கண்ணால் பிடிக்கும் வேலையில்தான் நல்ல பெயிண்டரும் சாதாரணப் பெயிண்டரும் பிரிவார்கள். இன்றைய கலவையில் பச்சைக்குத் தாலோ என்ற நிறமியைப் போடுவார்கள். அது மிகவும் துலக்கமானது, நீலச் சாயல் கொண்டது. பழைய மோட்டாரின் பச்சை கொஞ்சம் அடங்கியது. முதல் கலவை 'பஸ் பச்சை' மாதிரி பளிச்சென்று வந்தால், பலரும் உடனே கறுப்பை ஊற்றி அடக்கப் பார்ப்பார்கள். நிறம் அழுக்காகிவிடும். வெள்ளையை ஊற்றினால் பால் கலந்ததுபோல ஆகிவிடும். நீலம் தூக்கலாக இருந்தால் மஞ்சள் ஆக்சைடு ஒரு சொட்டு, துலக்கம் குறைய வேண்டுமென்றால் சிவப்பு ஆக்சைடு அரைச் சொட்டு என்று போகச் சொல்லுங்கள். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு என்பதால் மிகச் சிறிதளவே துலக்கத்தைக் குறைத்துவிடும். ஒவ்வொரு சொட்டையும் தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு மேல் முதலில் கலக்க வேண்டாம்.

டப்பாவில் இருக்கும் ஈர நிறத்தைப் பார்த்து "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். காய்ந்தால் பெரும்பாலும் கறுக்கும். ஒரு அலுமினியத் துண்டில், மோட்டாருக்கு அடிக்கப்போகிற அதே பிரைமர் போட்டு, அதே ஸ்பிரே கன்னில், அத்தனை கோட்டும் அடித்து, மறுநாள் பாருங்கள். அசல் பச்சையில் சூரிய வெளிச்சத்தில் மினுமினுப்பு தெரிந்தால் அது மெட்டாலிக், அதாவது உலோகத்தூள் கலந்த பெயிண்ட். அதில் காற்றழுத்தம் கூடினாலே நிறம் வெளுக்கும், ஈரமாக அடித்தால் கறுக்கும், ஆகவே சோதனைத் துண்டு இல்லாமல் மெட்டாலிக்கில் இறங்கவே வேண்டாம்.

பார்க்கும் இடமும் முக்கியம். கடையின் டியூப் லைட்டில் அப்படியே ஒத்துப்போகும் இரண்டு பச்சைகள் வெளியே வந்ததும் பிரிந்து நிற்கும். நிறமி வேறு வேறாக இருந்தால் இப்படித்தான் ஆகும். காலை பத்து மணிக்கு மேல், நேர்வெயில் படாத திண்ணையில், வடக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நம் வீடுகளில் இதற்கு ஒரு தனி இடைஞ்சல் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மூடியை வைத்தால் தரையின் சிவப்பும் மஞ்சளும் அடியிலிருந்து ஏறி அடிக்கும். சாம்பல் நிற அட்டை ஒன்றை விரித்து அதன் மேல் வையுங்கள். சோதனைத் துண்டு பளபளப்பாகவும் பழைய பெயிண்ட் மங்கலாகவும் இருந்தால் நிறம் வேறு மாதிரித் தெரியும், இரண்டின் மேலும் தண்ணீரைத் தடவிவிட்டு ஒப்பிடுங்கள். அப்போதும் பிரிந்து தெரிந்தால்தான் நிறம் தப்பு.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எதிர்க்கேள்வி. முழுக்கப் புதுப் பெயிண்ட் தேவைதானா? தொழிற்சாலைப் பெயிண்ட் சூடேற்றி இறுக்கியது. மேலே இருப்பது பிரஷ்ஷில் அடித்த சாதாரண எனாமல். பல நேரம் மேலே உள்ளது இளகும், அடியில் உள்ளது தாங்கும். ஒரு மூலையில் தின்னர் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுங்கள். நீலம் சுருங்கி எழும்பி, பச்சை பஞ்சில் ஒட்டாமல் நின்றால் உங்களுக்கு யோகம். கொஞ்சம் கொஞ்சமாக, காற்றோட்டமான இடத்தில், அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல், நீலத்தை மட்டும் எடுத்துவிடலாம். பச்சை முக்கால்வாசி நல்ல நிலையில் வந்தால் நான் புதுப் பெயிண்ட் அடிக்கவே மாட்டேன். மெருகேற்றி, பெயர்ந்த இடங்களுக்கு மட்டும் டச்சப் செய்வேன். அப்படிச் செய்வதென்றால் கணக்கு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். முழுப் பெயிண்டுக்குக் கொக்கிக்கு அடியில் கிடைத்த அசலைப் பிடிக்க வேண்டும். டச்சப்புக்கு, மெருகேற்றிய பிறகு இன்று அந்த மூடி எந்த நிறத்தில் இருக்கிறதோ அதைப் பிடிக்க வேண்டும். தொழிற்சாலை நிறத்திலேயே டச்சப் செய்தால் தேமல்போலத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

முழுக்க அடிப்பதுதான் என்று முடிவானால், பிரைமரில் கண்டிப்பாக இருங்கள். எந்தப் பட்டறைக்குப் போனாலும் ரெட் ஆக்சைடைத்தான் கையில் எடுப்பார்கள். அது இரும்புக்கு. அலுமினியத்தில் அதன் பிடிப்பு நிற்காது, தொண்டி உப்புக்காற்று ஒரு தடவை பட்டால் தகடு தகடாக எழும்பும். அலுமினியத்துக்கென்று வரும் எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள். மேல் பெயிண்டுக்கு ஹார்டனர் (இறுக்கும் திரவம்) கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) சரியாக இருக்கும். பழைய கார்களுக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் பார்க்க அழகு, அந்தக் காலத்துத் தோற்றமும் வரும், முகப்பில் மட்டும் வைப்பதென்றால் தாராளமாக அடிக்கலாம். ஓட்டுகிற மோட்டாருக்கு வேண்டாம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, சிந்தினால் லேக்கர் இளகிவிடும். பி.யூ.வின் பளபளப்பு 50களின் எனாமலுக்குச் சற்று அதிகம், பளபளப்பை மங்கவைக்கும் மேட்டிங் கலந்து கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அடிக்கிறவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றால் வேலையைக் கொடுக்காதீர்கள், அதற்கென்று உள்ள மாஸ்க் போட்டாக வேண்டும்.

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் லேக்கர் அடித்தால் வெண்படலம் பூக்கும், தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும். சித்திரை வெயிலில் மத்தியானம் அடித்தால் பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி வரும். தை, மாசிக் காலை நேரம்தான் நம் ஊருக்கு வசதி.

மூடியில் இருக்கும் கடல்குதிரைச் சின்னத்தையும் எழுத்தையும் பெயிண்டுக்கு முன்பே பிரதி எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேர்முன்னிருந்து படம், அப்புறம் டிரேசிங் தாளில் ஒரு நகல், மூடியின் ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற அளவு. ஸ்டிக்கர் வெட்டும் கடை வினைலில் செய்து தரும், ஆனால் அதன் தடிமன் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டிகால் கிடைத்தால் அதுதான் பொருத்தம். மேலே கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடிப்பதாக இருந்தால் மிச்சமான ஒரு டிகாலைச் சோதனைத் துண்டில் ஒட்டி அடித்துப் பாருங்கள், சில கிளியர் டிகாலைச் சுருக்கிவிடும்.

அப்பச்சியிடம் சண்டை போட வேண்டாம். கொக்கியைக் கழற்றி, அடியில் இருக்கும் பச்சையை மெருகேற்றி அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மோட்டார் மலாயாவிலிருந்து வந்து இறங்கியபோது அவர் சின்னப் பையனாகப் பார்த்திருக்கக்கூடும்.

தொண்டியில் ஒருநாளாவது ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் எஞ்சின் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். அந்தக் கால மோட்டார்களில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயில்கள் விரிசல் விட்டிருக்கும், தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கல்லாகியிருக்கும். இரண்டையும் மாற்ற மோட்டாரைப் பாதிக்கு மேல் பிரிக்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு பிரித்தால் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் உரியும். கலவை எழுதிய தாளையும், ஹார்டனர் கலக்காத மிச்சப் பெயிண்டையும் இறுக மூடி எடுத்துவையுங்கள், அடுத்த டச்சப்புக்கு வேண்டும். தகட்டின் பென்சில் பிரதி தெளிவாக வந்தால் அனுப்புங்கள், எந்த ஆண்டு மோட்டார் என்று பார்த்துச் சொல்கிறேன்.